எரிஞ்ச மோட்டாரும் எரியாத மனுஷனும்

திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் இவரைத் தேட விலாசம் வேண்டாம், மூக்கு போதும். வார்னிஷ் வாசம் எந்தச் சந்திலிருந்து வருகிறதோ அங்கே இருப்பார். கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு என்றாலும் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. “காயில் கட்டுறவர் இருக்காரா?” என்றுதான் கேட்டு வருவார்கள். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்று சுற்றுவட்டாரத்து எரிந்த மோட்டார்கள் எல்லாம் டெம்போவிலும் டூவீலரின் பின்சீட்டிலும் வந்து இறங்கும். முருங்கை வாடினாலும் மல்லிகை கருகினாலும் முதல் போன் இவருக்குத்தான் வரும்.

வந்த மோட்டாரை உடனே பிரித்துவிட மாட்டார். முதலில் மோந்து பார்ப்பார். அப்புறம் மூடியைக் கழற்றி டார்ச் அடிப்பார். மூன்று பேஸ் சுருளும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் லோ வோல்டேஜ் அல்லது ஓவர்லோடு. ஓரிடம் மட்டும் வெந்திருந்தால் அங்கே இன்சுலேஷன் போயிருக்கிறது. ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் இரண்டு பேஸ் கரியாகி, மூன்றாவது மட்டும் நேற்று கட்டிய செம்பாக மின்னினால், ஒரு பேஸ் இல்லாமலே ஓட்டியிருக்கிறார்கள். டெல்டா என்றால் கணக்கு தலைகீழ்: ஒன்று கருகும், இரண்டு தப்பிக்கும்.

“கண்டன்சர் போட்டு ரெண்டு பேஸ்ல ஓட்டுனீங்களாண்ணே?”

“சேச்சே! நம்ம தோட்டத்துல அந்தப் பழக்கமே கிடையாது தம்பி.”

“சரிண்ணே.”

அதோடு விட்டுவிடுவார். செம்பு சாட்சி சொன்ன பிறகு குறுக்கு விசாரணை எதற்கு? அட்டை கிழிந்த நோட்டில் மட்டும் ‘2 பேஸ்’ என்று குறித்துக்கொள்வார். அந்த நோட்டுதான் கடையின் மூலதனம். எந்தக் கம்பெனி மோட்டாருக்கு எத்தனை ஸ்லாட், ஸ்லாட்டுக்கு எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்பதெல்லாம் அதில் இருக்கும். கையெழுத்து அவருக்கு மட்டும் புரியும். தொழில் ரகசியத்துக்கு வேறு பூட்டு தேவையில்லை.

சப்மெர்சிபிள் மோட்டார் வந்துவிட்டால் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் நின்று ஓடும் மோட்டார் என்பதால் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. அதை ஸ்லாட் வழியாக ஒவ்வொரு சுற்றாகக் கையால் இழுக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து.

“டீ சொல்லவாண்ணே?”

“முப்பத்தேழு.”

“சர்க்கரை?”

“முப்பத்தெட்டு.”

கடைப் பையன் இரண்டு டீ சொல்லிவிட்டு வருவான்.

“கம்பெனி வைண்டிங் மாதிரியே போட்டுருங்க” என்று சொல்லும் வாடிக்கையாளரைக் கண்டால்தான் அவருக்குச் சிரிப்பு வரும். மோட்டார் பிளேட்டில் 415 வோல்ட் என்று போட்டிருக்கும். டிரான்ஸ்பார்மருக்குக் கடைக்கோடியில் இருக்கும் தோட்டத்தில், ஊரே தண்ணீர் பாய்ச்சும் பகல் நேரத்தில், 340 வந்தால் புண்ணியம். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தை ஒட்டிக் குறைவது. 340-க்கு இறங்கினால் மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் மிஞ்சும். போருக்குள் இருக்கும் தண்ணீருக்கு அந்த இரக்கம் கிடையாது. ஆம்பியர் ஏறும், காயில் வேகும்.

அதற்கு இவரிடம் மருந்து இருக்கிறது. கம்பெனிக்காரர் 20 கேஜ் கம்பியில் 50 சுற்று போட்டிருந்தால், இவர் 19 கேஜில் 41 சுற்று போடுவார். கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிக்கும். சுற்று குறைந்ததும் கம்பி தடித்ததும் ஈடாகி, ஸ்லாட்டில் அடங்கும் செம்பின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். காயில் 340-க்கு இசைந்துவிடும். கால்குலேட்டர் எடுக்காமல் சொல்லுகிற கணக்கு இது.

சிக்கல் ராத்திரியில் வரும். ஊர் தூங்கியதும் வோல்டேஜ் 440-ஐத் தொடும். 41 சுற்றுக் காயிலுக்கு அது விருந்தல்ல, விஷம். உள்ளிருக்கும் இரும்பு காந்தத்தில் நிறைந்துபோய், வேலைக்கு உதவாத கரண்டை இழுத்துச் சூடேறும். இன்சுலேஷன் பத்து டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார்க்காரர்களின் பழைய கணக்கு. அதனால் அவர் பகலுக்கும் ராத்திரிக்கும் பொதுவாக 45 சுற்றில் வந்து நிற்பார். இதைப் பொறியியல் என்பதா, பேரம் என்பதா? இரண்டும்தான்.

   

அவர் மசியாத இடம் ஒன்று உண்டு. விவசாயத்துக்கு 1990-லிருந்து கரண்டு இலவசம். ஆனால் சர்வீஸில் எழுதிய ஹெச்பி எழுதியதுதான். நீர்மட்டமோ வருஷா வருஷம் இறங்குகிறது. எனவே சிலர் கடைக்குள் வந்து குரலைத் தாழ்த்துவார்கள்.

“பிளேட்டுல அஞ்சு அப்படியே இருக்கட்டும் தம்பி. உள்ள ஏழரை போட்டு விட்ரு.”

“இரும்பு அஞ்சுக்குத்தான்ணே அடுக்கியிருக்கான். அதுல ஏழரையைப் போட்டா ஏழரைதான்.”

நான் கேட்டவரையில் இதற்குப் பதில் சொல்லி ஜெயித்தவர் யாரும் இல்லை. சனிபகவானை யார் வம்புக்கு இழுப்பார்?

என்றைக்குத் தருவீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. “நாளைக்கு” என்பார். மறுநாள் போனால் “வார்னிஷ் காயணும்ணே” என்பார். பயிர் காய்கிறது என்று வந்தவரிடம் வார்னிஷ் காயவில்லை என்று சொல்லத் தனி நெஞ்சுரம் வேண்டும். ஆனால் பொய்யில்லை. ஈர வார்னிஷோடு மாட்டி ஓட்டி, மறுபடி எரிந்து கடைக்குத் தூக்கிவருகிற செலவைப் பார்த்தால் ஒரு நாள் காத்திருப்பது லாபம்.

அடுத்த முறை மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள வோல்ட் மீட்டர் மதியம் என்ன காட்டுகிறது, நடுராத்திரி என்ன காட்டுகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். கண்டன்சர் போட்டிருந்தால் ஒப்புக்கொண்டுவிடுங்கள். எரிந்த பழைய செம்பு உங்களுக்கா அவருக்கா என்பதை மட்டும் மோட்டாரைப் பிரிப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அந்த விஷயத்தில் அவர் “சரிண்ணே” என்று சொல்ல மாட்டார்.