எங்கள் தெருவைத் தோண்டித் தாருங்கள்

அனுப்புநர்:
வரி கட்டும் ஒருவன்,
தெருமட்டத்துக்குக் கீழே ஒரு வீடு,
தமிழ்நாட்டின் 25 மாநகராட்சிகளுள் ஒன்று.

பெறுநர்:
துறைத் தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை,
எழும்பூர், சென்னை.

பொருள்: எங்கள் தெருவைத் தொல்லியல் மேடாக அறிவித்து அகழாய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மாநகராட்சிக்கு நான் கொடுத்த மனுக்கள் (எவருடைய பார்வையிலும் படாதவை).

ஐயா / அம்மா,

தோண்டுவதற்கு முன் திட்டமிட்டு, தோண்டும்போது அளந்து, தோண்டி முடித்தபின் அறிக்கையும் வெளியிடுகிற அரசுத் துறை எனக்குத் தெரிந்து உங்களுடையது ஒன்றுதான். எங்கள் தெருவில் இதுவரை தோண்டியவர்களுக்குக் குறைவில்லை. குடிநீர்க் குழாய்க்காரர்கள், பாதாள சாக்கடைக்காரர்கள், மின்வாரியத்தார், கேபிள்காரர்கள், கடைசியாக வந்து சேர்ந்த கேஸ் குழாய்க்காரர்கள். இவர்களில் ஒருவர்கூட அறிக்கை வெளியிட்டதில்லை. சிலர் குழியையே மூடவில்லை. தோண்டத்தான் போகிறார்கள் என்றால், தோண்டத் தெரிந்தவர்கள் தோண்டட்டுமே என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. இதைப் படிக்கும் மற்ற ஊர்க்காரர்கள், இது எங்கள் தெரு அல்லவா என்று உங்களுக்குப் போட்டி மனு போடுவார்கள் என்று தெரியும். முதலில் கேட்டவன் நான் என்பதை மட்டும் கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

மேற்பரப்புக் கள ஆய்வுக்கான சான்று என் வீடே. என் தாத்தா கட்டிய இந்த வீட்டுக்குத் தெருவிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். அப்பாவின் கல்யாணப் போட்டோவில் அந்த மூன்று படியிலும் உறவினர்கள் வரிசையாக நிற்கிறார்கள். இன்று அதே வாசலில் இரண்டு படி இறங்கித்தான் உள்ளே வர வேண்டும். கூடத்தில் பாய் விரித்துப் படுத்தால், வாசல் வழியே தெருவில் போகிறவர்களின் செருப்பு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. வருகிறவர் பால்காரரா, சிலிண்டர்காரரா, வரி கேட்க வந்தவரா என்று செருப்பைப் பார்த்தே சொல்லிவிடும் திறமை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. வீடு நகரவில்லை, தெருதான் உயர்ந்தது. படிகளை வைத்துக் கணக்குப் பார்த்தால் முப்பது ஆண்டில் ஏறத்தாழ மூன்றடி.

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமாதிரியை அமெரிக்காவுக்கு அனுப்பி, அதன் காலம் கி.மு. 580 என்று 2019இல் அறிவித்தீர்கள். மூன்றரை மீட்டர் மண் சேர வைகைக் கரைக்கு 2600 ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன. நூறாண்டுக்கு 14 சென்டிமீட்டர்கூட இல்லை. எங்கள் தெருவோ ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் வீதம் வளர்கிறது. இப்படியே போனால் இன்னும் தொண்ணூறு ஆண்டுக்குள் கீழடியின் ஆழத்தை எட்டிவிடுவோம். வைகைக்கு இருந்த பொறுமை ஒப்பந்ததாரருக்கு இல்லை.

நீங்கள் மேலிருந்து கீழே தோண்டுவீர்கள். நானும் அதே வரிசையில் மண்ணடுக்குகளைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே கிடப்பது 2022 அடுக்கு. அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று வாக்களித்தோம். அதன் நன்றிக்கடனாகத் தார் வந்தது. தார் காய்ந்ததும் பாதாள சாக்கடை வந்தது. ஆகவே இந்த அடுக்கு முழுதாகக் கிடைக்காது, நடுவே வெட்டுப்பட்டு, கலங்கி, செம்மண்ணும் ஜல்லியும் விரவித்தான் கிடைக்கும். கருப்பு–சிவப்புத் துணித் துண்டுகளும் ஏராளமாக அகப்படும். பழக்கதோஷத்தில் உங்கள் ஆய்வாளர்கள் கருப்பு–சிவப்புப் பானைப் பண்பாடு என்று எழுதிவிடக் கூடாது. நடுவில் அண்ணா படம் இருந்தால் ஒரு காலகட்டம், இல்லாவிட்டால் இன்னொரு காலகட்டம். இரண்டு காலகட்டத்துக்கும் தார்க் கலவை ஒன்றாகவே இருந்தால் குழம்ப வேண்டாம். ஆட்சி மாறினால் ஒப்பந்ததாரரும் மாற வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

அதற்குக் கீழே 2016 முதல் 2022 வரையிலான அடுக்கு. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அதன்பின் ஐந்தாண்டுக்கு மேல் கவுன்சிலரும் இல்லை, மேயரும் இல்லை, தனி அலுவலர் ஆட்சிதான். மக்கள் நடமாட்டமே இல்லாத வெற்றடுக்காக இது இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இல்லை. இங்கேயும் தார் இருக்கும். ஆனால் அதன்மேல் பெயர் இருக்காது, திறப்பு விழாக் கல் இருக்காது. அன்றைக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு நன்றாகத் தெரிகிறது. பதில் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

இன்னும் கீழே 2011, 2006, 2001, 1996 என்று தேர்தலுக்கு ஓர் அடுக்கு. இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். 1996இலும் 2001இலும் மேயரை நாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2006இல் எங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடி நாங்கள். 2022இல் மறுபடி அவர்கள். மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்ற சட்டத்தையும் எங்கள் தெருவைப் போலவே வெட்டுவதும் ஒட்டுவதுமாகத்தான் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கன்னிமண் வரும். அங்கே கோலிக்குண்டு கிடைத்தால் அது என்னுடையது. அருங்காட்சியகத்துக்குத் தந்துவிடுகிறேன், தகராறு செய்ய மாட்டேன்.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தால் இத்தனை அடுக்கு ஏது என்று நீங்கள் கேட்கலாம். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அதைத்தான் எழுத்தில் சொன்னார். மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே தார் போட வேண்டும், சாலை உயர்ந்து வீடுகள் தாழக் கூடாது என்றார். அந்த உத்தரவு எங்கள் தெருமுனைவரை வந்தது. தெருவுக்குள் வரவில்லை. முதலில் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால், சுரண்டினால் பழைய அடுக்குகள் அழிந்துபோகும், பிற்காலத்துக்குச் சான்று இருக்காது என்று ஒப்பந்ததாரர் கருதியிருக்கிறார். இத்தனை தொல்லியல் உணர்வுள்ள மனிதருக்கு உங்கள் துறை ஒரு பாராட்டுச் சான்றிதழாவது தர வேண்டும். பில்லில் சுரண்டும் கூலியும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு அவர் மனதைப் புண்படுத்த நான் விரும்பவில்லை.

வசதி உள்ளவர்கள் வீட்டையே தூக்கிக்கொள்கிறார்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, அங்குலம் அங்குலமாக உயர்த்தி, கீழே புதுச் சுவர் எழுப்புகிறார்கள். வடநாட்டிலிருந்து வந்து இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் தூக்கிய வீடுகள், தூக்காத வீடுகள் என்று இரண்டு வகுப்பு உருவாகிவிட்டது. தூக்காதவர்கள் வாசலில் சிமெண்டில் ஒரு வரப்பு கட்டி, ஐப்பசி பிறந்ததும் மணல் மூட்டை அடுக்கி, தூக்கியவர் வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. காரை ஏற்ற வேண்டும் என்று வடிகால்மேலேயே சரிவு போட்டு அடைத்தவர்கள் உண்டு. அடைப்பை எடு என்று சொல்ல மாநகராட்சி வந்தால் கட்சிக்காரரை முன்னே நிறுத்துவோம். அந்த நேரத்தில் மட்டும் தெருவே ஒற்றுமையாக இருக்கும்.

வடிகாலைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, உங்களிடம் சொல்வதால். கீழடியில் ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்களைக் காட்டினீர்கள். திறந்த வாய்க்கால், மூடிய வாய்க்கால் என்று வகைவகையாகச் செங்கல் கட்டுமானம் இருந்தது என்றீர்கள். தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் போகும் என்ற செய்தி அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலில் தண்ணீர் உள்ளே போக விட்டிருக்கும் துளை, தண்ணீர் தேங்கும் இடத்தைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. மழைநீர் நாலு நாள் நின்று, தன்னை உயர்த்திக்கொண்டு, தகுதி பெற்ற பிறகுதான் வடிகாலுக்குள் நுழைய முடியும். இதை வடிவமைத்தவர் எந்தக் காலத்தைச் சேர்ந்தவர் என்று நீங்கள்தான் கணித்துச் சொல்ல வேண்டும்.

இனி எழுத்துச் சான்றுகள். கீழடிப் பானை ஓட்டில் ஆதன் என்று தமிழியில் ஒரு பெயர் இருந்தது. யாரோ ஒரு சாமானியர் தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். எங்கள் தெருவிலும் எழுத்து உண்டு. நிழற்குடையில், ரேஷன் கடையில், நாலடிச் சிறுபாலத்தில், தண்ணீர் வராத தொட்டியில் எல்லாம் கருங்கல்லில் பொன்னெழுத்து. அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர், மண்டலத் தலைவர், கவுன்சிலர், கடைசியில் மதிப்பீட்டுத் தொகை. ஆதன் தன் பானையில் தன் பெயரை எழுதினான். இங்கே நாங்கள் வாங்கிய பானையில் எல்லோர் பெயரும் இருக்கிறது, எங்கள் பெயர் இல்லை. 2022 ஏப்ரலில் சொத்து வரியை 25 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடு வரை ஏற்றினார்கள். வீடு இறங்க இறங்க வரி ஏறுகிறது. அந்தக் கல்லின் அடியிலாவது ‘உபயம்: வரி கட்டியோர்’ என்று ஒரு வரி போட்டிருக்கலாம். ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவருக்கே கோயிலில் அந்த மரியாதை உண்டு.

இந்தக் கல்வெட்டுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். எங்கள் வார்டும் பெண்கள் வார்டு. கல்லில் கவுன்சிலர் அம்மாவின் பெயர்தான் இருக்கிறது. போன் செய்தால் எடுப்பவர் அவர் வீட்டுக்காரர். வெள்ளைச் சட்டை, இன்னோவா, பஞ்சாயத்து எல்லாம் அவர்தான். அம்மாவை நாங்கள் பார்ப்பது பேனரில். எழுத்துச் சான்று ஒன்றும் களச் சான்று வேறுமாக இருந்தால் எதை நம்புவது என்பது உங்கள் துறையின் பழைய சிக்கல். நான் தலையிடவில்லை.

உத்திரமேரூரை யாராவது இழுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளைப் பற்றி எங்கள் மேடைகளில் பேசாத நாளில்லை. குடவோலை, உலகுக்கே வழிகாட்டி என்பார்கள். சொந்த நிலமும் வேதமும் இல்லாதவன் அந்தச் சபைப் பக்கம் போயிருக்க முடியாது, அதைச் சொல்ல மாட்டார்கள். அதே கல்வெட்டில், பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது என்று இருக்கிறது. அதைச் சத்தியமாகச் சொல்ல மாட்டார்கள்.

இதையெல்லாம் பகுதி சபாவில் பேசலாமே என்பீர்கள். அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் வார்டு குழு என்று இருந்தது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபாவுக்கும் விதிகள் வந்தது 2022இல். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில், பம்மலில் முதல்வரே வந்து உட்கார்ந்தார். எங்கள் வார்டில் நான் போன கூட்டத்தில் முதல் மூன்று வரிசையில் பொதுமக்களாகக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள், டீ, போண்டா கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். நான் எழுந்து தெருவின் உயரத்தைப் பற்றிக் கேட்டேன். “அண்ணே, உங்க தெருவுக்குத்தான் அடுத்த ரோடு சேங்ஷன் ஆயிருக்கு” என்றார் கவுன்சிலரின் வீட்டுக்காரர். எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்து வீட்டுக்காரரும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். நடுவண் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. எங்கள் தெருவின் நீளமே அவ்வளவுதான். தார் கட்டுமானத்தில் சேருமா என்று தெரிந்த வக்கீலிடம் கேட்டேன், வாதாடலாம் என்றார். நடுவண் தொல்லியல் துறையிடமே போகலாம்தான். ஆனால் கீழடி அறிக்கையை 2023இல் வாங்கி வைத்துக்கொண்டு, 2025இல் திருத்தித் தா என்று திருப்பி அனுப்பியவர்கள் அவர்கள். என் வீடு அவ்வளவு நாள் தாங்காது. நூறாண்டு ஆகாத இடத்தை எப்படி அறிவிப்பது என்று உங்கள் அலுவலகத்தில் கோப்பைத் திருப்பலாம். அதனால்தான் ஆழத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். வயதில் குறைவாக இருந்தாலும் வளர்ச்சியில் குறைவில்லை.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரன்

இணைப்பு: அப்பாவின் கல்யாணப் போட்டோ (நகல்), சொத்து வரி ரசீது.

பின்குறிப்பு: அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2027 தொடக்கத்தில் வர வேண்டும். தெருமுனையில் நேற்றே ஜல்லி கொட்டிவிட்டார்கள். வருவதானால் அதற்குள் வந்துவிடுங்கள். தாமதமானால் ஆட்களோடு ஓர் ஏணியும் அனுப்பி வையுங்கள், வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கும்.