வௌவால் வினாக்களுக்கு விடைகள்

கே: வௌவால் பறவையா, மிருகமா? (பள்ளி மாணவர், தோப்பும்படி)

ப: குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. மீதியை நீயே உன் உபாத்தியாயரிடம் சொல்லிவிடு, தம்பி.

கே: எங்கள் சுக்குக் கிடங்கின் ஓட்டிடுக்கில் வாழும் சிறு வௌவால்கள் வாயே திறப்பதில்லை, எர்ணாகுளத்து மங்களவனத்துப் பெரிய வௌவால்களோ ஓயாமல் இரைகின்றன. ஏன் இந்த வேற்றுமை? (வியாபாரி, மட்டாஞ்சேரி)

ப: உரக்கக் கத்துபவர் உங்கள் கிடங்குக்காரர்தான், ஐயா! விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மனிதச் செவியில் விழுவதில்லை. பூச்சி தின்னும் சிறு வௌவால்களில் பல அதைப்போல் இருமடங்கு உச்ச ஸ்தாயியில் கூவி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டே சுவர் எது, கொசு எது என்று அறிந்துகொள்கின்றன. கண்ணை மறைத்தாலும் தடுமாறாத வௌவால் காதை அடைத்தால் முட்டிக்கொள்வதை 1790-களிலேயே இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லான்சானியும் ஜெனீவாவின் ஜூரினும் கண்டிருந்தும், அந்தக் கூவலைக் கருவியின் துணையால் முதன்முதலில் கேட்கும் பாக்கியம் 1938-இல் ஹார்வர்டு மாணவர் கிரிஃபினுக்கே வாய்த்தது.

மங்களவனத்துப் பழந்தின்னிகளோ கண்ணாலும் மூக்காலும் வழி தேடுபவை. ஆகையால் குரலைச் சமூக விவகாரங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கின்றன. அவற்றின் உறவினமான எகிப்தியப் பழவௌவால்களின் ஏறத்தாழ 15,000 கூச்சல்களை டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவைப் படித்தபோது எனக்கு உண்டான ஆனந்தத்துக்கு அளவில்லை. அத்தனையும் வழக்கு! உணவுக்கு ஒரு சண்டை, உறங்குமிடத்துக்கு ஒரு சண்டை, வேண்டாத காதலுக்கு ஒன்று, உரசி உட்கார்ந்ததற்கு ஒன்று. யார் ஏசுகிறார், சில வேளை யாரை ஏசுகிறார் என்பதைக்கூடக் கணினி பிரித்துச் சொல்லிற்று. காலை வேளையில் நம் படகுத்துறையில் கேட்கும் சம்பாஷணையும் இதுதானே? ஊரிலுள்ள ஒலிபெருக்கிகள் இன்னார் இனியார் என்றில்லாமல் எல்லோரையும் நோக்கி அலற, வௌவால் ஆளறிந்து பேசுகிறது. நாகரிகத்தில் எது மேல் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

கே: சங்கீதம் பயிலும் நான் வௌவாலிடம் கற்க ஏதேனும் உண்டா? (மாணவி, ஃபோர்ட் கொச்சி)

ப: சாதகம். மத்திய அமெரிக்காவில் ஒருவகை வௌவாலின் குட்டிகள் மழலையாக ஒலிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவதை 2021-இல் ஆராய்ச்சியாளர் பிரசுரித்திருக்கிறார்கள். அதற்கு ஒலிபெருக்கி வைத்துக்கொள்வதில்லை.

கே: இருண்ட குகைக்குள் பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும்? (வாசகர், மட்டாஞ்சேரி)

ப: இதற்கு விடை கண்டது நம் மதுரை! காமராசர் பல்கலைக்கழகத்தின் சந்திரசேகரனும் மாரிமுத்துவும் ராஜனும் 1981-இல் வெளியிட்டார்கள். குகையிருளில் கூண்டிலிட்ட வௌவால், சுற்றிலும் சுதந்திரமான இனத்தார் போய்வந்துகொண்டிருந்தால் 24 மணி நேர ஒழுங்கைத் தவறாமல் காத்தது. ஏகாந்தமான குகையில் வைத்தால் அதன் நாள் கணக்குத் தன்போக்கில் நகர்ந்துவிட்டது. சுற்றத்தாரே கடிகாரம்!

கே: நிபாக் கிருமியை நினைத்தால் குழந்தைகளுக்காகப் பயமாக இருக்கிறது. வௌவால் தங்கும் மரங்களை வெட்டிவிடலாகாதா? (இல்லத்தரசி, மட்டாஞ்சேரி)

ப: வேண்டாம், அம்மா. உங்கள் அச்சம் நியாயமானது. 2018-இல் கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் உயிர்கள் போயின, பழந்தின்னி வௌவாலே அக்கிருமிக்கு இயற்கை இருப்பிடம் என்பதும் மெய். ஆனால் மரத்தை வெட்டினால் கூட்டம் அழியாது, கலைந்து புதிய இடங்களுக்குச் சிதறும். கலவரமுற்ற பிராணியின் உடலிலிருந்து கிருமி அதிகம் வெளிப்படக்கூடும். கடிபட்ட பழத்தை எறிந்துவிடுங்கள், நல்ல பழத்தைக் கழுவிக் கொடுங்கள், மூடாத கள்ளையும் பதநீரையும் தவிருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை இப்பிராணியை எலியோடும் காக்கையோடும் தீங்குயிர் வரிசையில் வைத்திருந்தது. அந்த வரிசையே இப்போது எடுபட்டதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

கே: வௌவால் வீட்டுக்குள் நுழைந்தால் அபசகுனமா? (பல வாசகர்கள்)

ப: வௌவாலுக்குத்தான். கையால் தொடாமல், விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள்.