லெச்சுமிக்கு ஓர் இலக்கம்

அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தின் முன்னால் நின்று "லெச்சுமி" என்று சத்தம் போட்டால், ஒரு காலத்தில் நாலு கதவு திறக்கும். அதனால்தான் நெட்ட லெச்சுமி, கருத்த லெச்சுமி, மேட்டு லயத்து லெச்சுமி என்று அடைமொழி போட்டுக் கூப்பிட்டார்கள். முத்துலெட்சுமி, தனலெட்சுமி எல்லாம் பிறப்புப் பதிவோடு சரி. கொழுந்து மலையில் ஏறும்போது முன்பாதி கழன்று விழுந்துவிடும். சம்பளத்துக்கு முன்பே சம்பளம் தீர்ந்துபோகிற வீடுகளில் செல்வத்தின் தேவதை பெயரை இத்தனை தாராளமாக வைத்தது ஏன் என்று கேட்காதீர்கள். இருக்கிறவன் அவளைக் கூப்பிட என்ன அவசியம்?

பெயரின் பொருள் ஆரம்பத்தில் பணமே இல்லை. 'லக்ஷ்' என்றால் குறி, அடையாளம். இலக்கு, இலக்கம், லட்சம் எல்லாம் லட்சுமி அம்மாவின் சொந்தக்காரர்கள். அதர்வ வேதத்தைக் கேட்டால், மனுஷன் பிறக்கும்போதே 101 லட்சுமிகள் கூடப் பிறக்கிறார்கள், அதில் கெட்டவளை விரட்டு என்கிறது. அப்படி விரட்டப்பட்டவள் பிற்காலத்தில் மூத்தவளாகி மூதேவி ஆனாள். காலைப் பெரட்டுக்குப் பிந்தி வந்தால் கங்காணி வாயிலிருந்து வருகிற பெயர் அதுதான். ஆக ஒரே பெண்ணை வீட்டில் தங்கையாகவும் மலையில் அக்காளாகவும் அழைத்தார்கள்.

இலங்கைக்கு லட்சுமி கங்காணியிடம் முற்பணம் வாங்கி வந்தவள் அல்ல. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய அவளுடைய உலோகத் தகடுகள், யானை இரண்டும் தண்ணீர் ஊற்ற, இங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பிறகு 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மண்டபம் வழியாக வந்த லெச்சுமிகளுக்கும் தகடு கிடைத்தது. கழுத்தில் தொங்கிய அந்தத் தகரத்தில் தோட்டத்து எழுத்தும் இலக்கமும் மட்டும் பொறித்திருந்தன. யானை இல்லை.

1890இல் தாமஸ் லிப்டன் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். இங்கேதான் தேவியின் குணம் தெரிந்தது. ஆயிரம் தனலெட்சுமிகள் கூடை சுமக்க, தனம் மட்டும் கப்பலேறிக் கடைசிவரை கல்யாணமே செய்யாத அந்தக் கிளாஸ்கோக்காரரிடம் குடித்தனம் நடத்தப் போனது. பாற்கடலில் பிறந்தவளின் பெயருள்ளவர்கள் இங்கே பாலில்லாத தேத்தண்ணி குடித்தார்கள். நல்ல கொழுந்து கப்பலுக்கு, தூள் லயத்துக்கு. புராணத்தில் கடலைக் கடைந்தவர்களுக்கு அமுதத்தில் பங்காவது பேசப்பட்டது.

அடுத்து அரசாங்கத்தின் முறை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும், இந்த நாட்டுக்காரி என்று காட்டக் கடதாசி கேட்டார்கள். பிறப்புப் பதிவில் லெட்சுமி, தோட்டத்துச் செக்ரோலில் லெச்சிமி, விண்ணப்பத்தில் லட்சுமி. அஷ்டலட்சுமியும் ஒருத்திதான் என்று ஒத்துக்கொள்கிற உலகம், இந்த மூன்று பேரும் ஒருத்தியே என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' ஏறியது. ஸ்ரீ என்றாலும் லட்சுமிதான்! தமிழர்கள் அதன்மேல் தார் பூசினார்கள், பாவம் தேவி. 1972இல் நாடே தன் பெயருக்கு முன்னால் ஸ்ரீயைச் சேர்த்துக்கொண்டது. அவளுக்கு நாடு கிடைத்தது. லெச்சுமி இன்னும் வரிசையில் நின்றாள்.

உச்சக் கூத்து ஒப்பந்தங்கள்தான். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கணக்குப் போட்டார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பங்கு போட உட்கார்ந்தவர்கள் யார்? சிறிமா, அதாவது 'சிறீ' உடையவள். எதிரே இந்திரா, அதுவும் லட்சுமியின் பெயர்தான். இரண்டு லட்சுமிகள் உட்கார்ந்து லெச்சுமிகளை லட்சக் கணக்கில் பிரித்தார்கள். லட்சுமி ஓரிடத்தில் தங்கமாட்டாள் என்ற பழமொழியை இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்திட்டு அமுல்படுத்தியது உலகத்திலேயே அப்போது மட்டும்தான் இருக்கும். கோச்சி ஏறித் தலைமன்னார் போனவர்களை ராமேஸ்வரத்துக்கு ஏற்றிப்போன கப்பலின் பெயர் 'ராமானுஜம்'. வைஷ்ணவ ஆசாரியார் கையால் தாயாரை நாடு கடத்திய பெருமையும் நமக்கே.

மிஞ்சிய லெச்சுமிகள் தங்கள் பெண்களுக்கு அந்தப் பெயரை வைக்க யோசித்தார்கள். தர்ஷினியும் பிரியதர்ஷினியும் வந்தார்கள். (பிரியதர்ஷினி இந்திரா காந்தியின் நடுப்பெயர் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.) இப்போது எண்சாத்திரம் பார்த்து லக்ஷிகா, லக்ஷனா, துலக்ஷி. "லெச்சுமியெல்லாம் பழைய பேரும்மா" என்கிறாள் மகள். பாட்டிக்கு அந்த 'க்ஷி' நாக்கில் நிற்கவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டுப் பேத்தியை "ஏ லெச்சி, இங்க வா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.