சீக்கு வந்தா தலைவருக்கு வர்ற மாதிரி வரணும்

இன்னா நைனா, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வர்றே? ரெண்டு நாள் ஜொரத்துக்கு லீவு போட்டியா? கம்பெனில இஎஸ்ஐ டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டாங்களா? கேப்பாங்க. நீ இன்னா முதலமைச்சரா?

உக்காரு, டீ சொல்றேன். சீக்குல படுக்கறதுக்கும் ஒரு முறை இருக்குது. பெரியவங்களப் பாத்துக் கத்துக்கோ.

2016 செப்டம்பர் 22 ராத்திரி ஜெயலலிதா அம்மாவ அப்போலோவுல சேத்தாங்க. காய்ச்சல், ஒடம்புல நீர் வத்திப்போச்சுன்னு அறிக்கை. அப்பறம், வழக்கமான சாப்பாடு சாப்புடறாங்கன்னு இன்னொரு அறிக்கை. லண்டன்லேர்ந்து டாக்டர் ரிச்சர்ட் பீல் வந்தாரு, எய்ம்ஸ் டாக்டருங்க வந்தாங்க. போட்டோ மட்டும் வரல. இடைத்தேர்தல் படிவத்துல கையெழுத்துக்குப் பதிலா கைரேகை வந்துச்சு.

மொத்தம் 75 நாளு. இஎஸ்ஐல சீக்குக்கு வருசத்துல 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளம் உண்டுல்ல? அந்தக் கணக்குக்குள்ளயே அடங்கிடுச்சு பாரு. சர்ட்டிபிகேட்டக் கேக்கத்தான் ஆள் இல்ல.

அடுத்த வருசம் மந்திரி திண்டுக்கல் சீனிவாசன் மேடையேறி, இட்லி சாப்ட்டாங்கன்னு நாங்க சொன்னது பொய்யி, மன்னிச்சிக்கோங்கன்னாரு. மொதல்ல இட்லி, அப்பறம் மன்னிப்பு! நீ மொதல்லயே மன்னிப்பு கேட்டு நின்னியே, அதான் மாட்டிக்கினே.

ஆஸ்பத்திரி, அம்மாவுக்கு 2016 டிசம்பர் 5 ராத்திரி 11.30க்கு உசுரு போச்சுன்னுது. அந்தச் சாவ விசாரிச்ச ஆறுமுகசாமி கமிஷன் 2022ல, இல்ல, 4ஆம் தேதி மத்தியானம் மூணு மணிக்கு மேலன்னுது. எய்ம்ஸ் டாக்டர் குழுவோ வைத்தியத்துல கொறயே இல்லன்னுட்டாங்க. வைத்தியம் சரி, வாயிதான் சரியில்ல போலக்குது.

எம்ஜிஆரு பரவால்ல. 1984ல அமெரிக்கா ஆஸ்பத்திரில இருந்தவரப் படம் புடிச்சி ஊர் ஊராக் காட்டுனாங்க; ஆண்டிப்பட்டில ஜெயிச்சாரு. பிரான்சுல மித்தராண்டுன்னு ஒரு அதிபரு. என் ஒடம்பப் பத்தி அப்பப்போ அறிக்கை குடுப்பேன்னு வாக்கு குடுத்தாரு, அறிக்கையும் குடுத்தாரு. 1981லயே கண்டுபுடிச்ச புத்துநோயி மட்டும் 1992 வரைக்கும் அதுல ஏறவே இல்ல. நம்மாளுங்க தனியா இல்ல நைனா!

தலைவரு இன்னா மாத்திரை போடறாருன்னு நமக்கு எதுக்கு? அது அவரு வூட்டு விசயம். ஒன் கம்பெனியும் அதக் கேக்கல. வேலைக்கு வர முடியுமா முடியாதான்னுதான் கேக்குது. நாம கேக்க வேண்டியதும் அவ்ளோதான். நாற்காலில உக்கார முடியுமா? முடியலன்னா, கோப்புல கையெழுத்து போடறது யாரு?

தேர்தல்ல நிக்கறவங்க குடுக்கற பிரமாணப் பத்திரத்துல சொத்து, கடன், கேசு, படிப்பு எல்லாம் எழுதணும். ஒடம்பப் பத்தி ஒரு வரி கெடையாது. அதனால, அடுத்த தபா கும்முடிப்பூண்டி பஜாருக்குக் கும்புட்டுக்கினு வர்றவரக் கேளு: "அண்ணே, பிட்னஸ் சர்ட்டிபிகேட் இருக்குதா?" சிரிச்சாங்கன்னா சிரிக்கட்டும். பர்னஸ்கிட்ட நிக்கற ஒனக்கு வேணும்ன்ற காயிதம், நாட்டக் கையில எடுக்கறவருக்கும் வேணும்.