ரெண்டு காக்கா கனம்

வாடா பேராண்டி, இப்பிடி உக்காரு. அந்த போனைத் திருப்பிக் காட்டு. இதானா? ஒங்க அப்பத்தா துணி தேய்க்கிற பலகைக்குக் காலு வச்சு விக்கிறாங்களோன்னு நெனச்சுட்டேன். ரெக்கையா! நல்லாத்தான் இருக்கு. போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவையும் ஏலக்கா மூட்டையோட ஏறி எறங்கி, இந்த மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுல சரக்கு எறக்கிட்டுப் போனவன் நானு. முப்பத்தெட்டு வருசம் ஓட்டுன அந்த லாரிக்கு ஒரு ரெக்கை வைக்காமப் போனமேன்னு இப்பத்தான் மனசு கெடந்து அடிச்சுக்குது.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. ஒன் வண்டி போர்ஷே கேமன். ரெண்டாங்கை வண்டின்னாலும் கேமன் கேமன்தான், கண்ணு பட்றப்போகுது. அதுக்குப் பின்னாடி கம்பெனிக்காரனே ஒரு ரெக்கையை ஒளிச்சு வச்சுத்தான அனுப்பியிருக்கான்? 120 தாண்டுனாத் தானா எந்திரிக்கும், 80-க்குக் கீழ வந்தாப் படுத்துக்கிரும். நம்ம கேரளாவுல 2023 ஜூலையில போட்ட கணக்குல, ஆறு வழி நேசனல் ஹைவேயிலயே காருக்கு 110 தான். டவுனுக்குள்ள 50. அப்ப, சட்டத்துக்குப் பயந்து ஓட்டுறவன் வண்டியில அந்த ரெக்கை ஆயுசு பூரா எந்திரிக்கவே எந்திரிக்காது. மாமியா வீட்டுல மாப்பிள்ளை தூங்குற மாதிரி தூங்கிக்கிட்டே கெடக்கும்.

அதையும் யோசிச்சு உள்ள ஒரு பொத்தான் வச்சிருக்கான் மனுசன். அமுக்குனா நின்ன எடத்துலயே எந்திரிக்கும். போன ஞாயித்துக்கெழம ஜூ டவுன் முக்குல வண்டிய நிறுத்திட்டு அந்தப் பொத்தானை நீ ஏழு தடவ அமுக்குன. சுக்கு மூட்டை மேல உக்காந்து நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். யாரும் திரும்பிப் பாக்கல. அந்த வெள்ளைக்காரம்மா கூட ஒன்னத் தாண்டி ஆட்டுக்குட்டியத்தான் போட்டோ எடுத்துச்சு. அதனாலதான் இப்ப பெரிய ரெக்கை. சரி, வெளங்குது.

ரெக்கை எதுக்குன்னு ஒனக்குத் தெரியுமா? கூகுள்ல பாக்காத, என் மூஞ்சியப் பாரு. லோடு லாரியில தார்ப்பாய் கட்டியிருப்பமே, வண்டி ஓட ஓட அது என்ன செய்யும்? காத்து மேல அடிக்குது, அப்ப அமுங்கத்தான வேணும்? அமுங்காது. பொம்மிக்கிட்டு மேல எந்திரிக்கும். கயிறு சரியில்லைன்னாப் பிச்சுக்கிட்டுப் போயிரும். வளைஞ்ச முதுகு மேல காத்து வெரசா ஓடுனா அந்த முதுகை ஒசக்க இழுக்கும், அம்புட்டுத்தான் சங்கதி. காரோட கூரையும் வளைஞ்ச முதுகுதான். ஏரோப்ளேன் ரெக்கையும் அதே சூத்திரம்தான். அந்த ரெக்கையக் குப்புறப் போட்டுக் காருக்குப் பின்னாடி வச்சா, ஒசக்க இழுக்கிறதுக்குப் பதிலா ரோட்டுல அமுக்கும். டயரு புடிச்சுக்கும். வளைவுல வழுக்காது.

சும்மாவா சொல்றாங்கன்னு கேக்காத. 1999-ல ஆடி டிடின்னு ஒரு கார், வழவழன்னு சோப்புக்கட்டி மாதிரி அழகு. அழகு கெட்டுப்போகும்னு பின்னாடி ஒண்ணும் வைக்கல. ஜெர்மனியில பெருவழியில வெரட்டுனவங்களுக்குப் பின்பக்கம் லேசாகி, வண்டி சுத்தி, உசுரே போச்சு. அப்பறம் வித்த வண்டியெல்லாம் திருப்பிக் கூப்ட்டு டிக்கி நுனியில ஒரு சின்ன மடிப்பு ஒட்டி அனுப்புனான். அதனால ரெக்கையை நான் கேலி பண்ணல. ஒன்னையத்தான் பண்றேன்.

இப்பக் கணக்குக்கு வா. மாடி வீட்டுப் பாலிடெக்னிக் பொண்ணு போட்டுக் குடுத்துச்சு, அது கையெழுத்து முத்து முத்தா இருக்கு பாரு. ரெக்கை ஒன்றரை மீட்டரு நீளம், கால் மீட்டரு அகலம். நூறுல போனா 17, 18 கிலோ அமுக்கும். எரநூறுல போனா அதுல நாலு பங்கு, ஒரு ஆளு கனம். வேகம் ரெண்டு மடங்கானா அமுக்கம் நாலு மடங்காம். எறக்கத்துலயும் அதே வெட்டுத்தான். நாப்பதுல மூணு கிலோ கூட இல்ல. பஜார் ரோட்டுல உந்துவண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல நீ போற இருவதுல எம்புட்டுத் தெரியுமா? 700 கிராம். ரெண்டு காக்கா வந்து உக்காந்தா வர்ற கனம். அந்தக் காக்கா இங்க ஓசியிலயே வரும். கூட நாலு மத்திமீன் தலை போட்டா எட்டு வரும்.

அட, மொறைக்காத. இன்னொரு சங்கதி இருக்கு, இது கேலியில்ல. எங்க அய்யா மாட்டு வண்டியில பருத்தி ஏத்தும்போது சொல்லுவாரு, பின்பாரம் போடாதடான்னு. அச்சுக்குப் பின்னால கனம் கூடுனா நொகத்தடி மாட்டுக் கழுத்தை விட்டு எந்திரிச்சு நிக்கும், மாடு காலு பாவாமத் தவிக்கும். ஒன் ரெக்கையும் பின்னச்சுக்குப் பின்னாலதான நிக்குது? அது அங்க அமுக்க அமுக்க, முன் டயரு லேசாகும். ஸ்டியரிங் ஒடிச்சாலும் வண்டி நேராவே போகும். அதுக்கு முன்னாடி பம்பருக்கு அடியில ஒரு லிப் வைக்கணும்னு சொல்லுவாங்க. வையி. கப்பலண்டிமுக்குல ஒரு ஹம்ப் ஏறி எறங்குனா அந்த உதடு கிழிஞ்சு கையில வந்துரும். கடலைக்காரன் பொறுக்கிக் குடுப்பான்.

ஆனாலும் வைக்கத்தான் போற. ஒங்க அப்பன் புல்லட்டுல சைலன்சர் மாத்துனப்பவும் நான் இப்பிடித்தான் பேசுனேன். சரி, வைக்கிறதை ஒழுங்கா வையி.

வாங்கும்போது பளபளப்பைப் பாக்காத, அடிவயித்தைப் பாரு. இழுக்கிற வேலையில பெரும்பங்கு அடிப்பக்கம்தான் செய்யுது. அதனாலதான் ரேஸ்காரங்க இப்ப அடியில தாங்கு குடுக்காம, கொக்குக் கழுத்து மாதிரி வளைச்சு மேலருந்து தொங்க விடுறாங்க. குறுக்க வெட்டிப் பாத்தா மீன் மாதிரி இருக்கணும், முன்னாடி தடிச்சு, பின்னாடி வால் மாதிரி மெலிஞ்சு. பலகை மாதிரி தட்டையா இருந்தா அது அப்பத்தாவுக்குத்தான் ஆகும். பைபர்ல செஞ்சு கார்பன்னு ஸ்டிக்கர் ஒட்டித் தருவான், நகத்தால ஓரத்தச் சொரண்டிப் பாரு.

எங்க வைக்கிறதுங்கிறது அதுக்கும் மேல. அப்பத்தா கொட்டானுக்குள்ள கம்பளி நூலு கெடக்கு, ஒரு சாண் ஒரு சாணா வெட்டிப் பின்கண்ணாடியிலயும் டிக்கியிலயும் டேப்பு போட்டு ஒட்டு. கன்டெய்னர் ரோட்டுல கூட்டாளி வேற வண்டியில வந்து படம் புடிக்கட்டும். நூலு நேரா நீட்டிப் படுத்திருந்தா அங்க காத்து ஓடுது. சுத்திக்கிட்டு ஆடுனா அங்க செத்த காத்து. செத்த காத்துல ரெக்கை வச்சா அது கோட்டு ஸ்டாண்டு. இந்த நூலுக்கு அஞ்சு பைசா செலவில்ல. ஆனா பத்துல ஒருத்தன் கூடச் செய்ய மாட்டான்.

மாட்டும்போது பட்டறைப் பையன் கையில ட்ரில்லக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிராத. டிக்கித் தகடு அப்பளம் மாதிரி இருக்கும். வெறும் தகட்டுல போல்ட்டு போட்டா ரெண்டு நாள்ல நெளியும், நாலாவது நாள் விரிசல் விடும். உள்ள கட்டை எங்க ஓடுதுன்னு பாத்து அது மேல வர்ற மாதிரி வையி. அடியில ஒரு பட்டைத் தகடு குடுத்து, அதுக்கப்பறம் வாஷர், லாக் நட்டு. மேல டேப்பு ஒட்டி, ரெண்டு பக்கத்துலருந்தும் அளந்து நடுவைப் புடி. முதல்ல சின்ன பிட்டு, அப்பறம்தான் பெருசு. ஓட்டை போட்டதும் ஓரத்துப் பிசிரை ராவி, பிரைமர் தடவிக் காய விடு. அதுக்கு மேல சிலிக்கான். இது உப்புக்காத்து ஊருடா. இங்க பச்சைத் தகட்டை ராத்திரி ஒரு பொழுது வெளிய விட்டாக் காலையில கருப்பட்டி நெறத்துல நிக்கும். கோணம் மூணு, நாலு டிகிரியில ஆரம்பி. நெட்டுக்குத்தா நிமித்துனா அமுக்காது, காத்தைத் தடுத்துப் பெட்ரோலத்தான் குடிக்கும். பழைய ரெக்கையோட மோட்டாரு ஒயரை மொதல்லயே கழட்டச் சொல்லு. கீழ இருக்கிறது எந்திரிச்சு மேல இருக்கிறத முட்டுச்சுன்னா மாமியா மருமக சண்டைதான். ஒயரைக் கழட்டுனதும் டேஷ்போர்டுல ஒரு வெளக்கு எரிஞ்சாலும் எரியும், ஒப்பாரி வைக்காத.

கடைசியா ரெக்கையப் புடிச்சு ஆட்டிப் பாரு. காரே சேந்து ஆடணும். ரெக்கை மட்டும் ஆடுச்சுன்னாக் கழட்டி மறுபடி முதல்லருந்து. 1969 மே மாசம் ஸ்பெயின்ல, மாண்ட்ஜூயிக் ரேஸ்ல, ஒரே லோட்டஸ் கம்பெனி வண்டி ரெண்டு. கிரகாம் ஹில் ஒண்ணு, ஜோகன் ரின்ட் ஒண்ணு. கொடிக்கம்பம் மாதிரி ஒசரமா ரெக்கை. ரெண்டும் ஒரே மேட்டுல முறிஞ்சு ரெண்டு வண்டியும் தடுப்புல. ரெண்டே வாரத்துல மொனாக்கோவுல அந்தக் கொடிக்கம்பத்தையே தடை பண்ணிட்டாங்க. அவங்க கிட்ட எஞ்சினியரு இருந்தான். ஒங்கிட்ட இருக்கிறது தோப்பும்படி பட்டறைப் பையன்.

அப்பறம் எம்விடி, அதான் மோட்டார் வாகனத் துறை. அதச் சொல்லாம விட்டா நாளைக்கு என்னையத்தான் ஜாமீனுக்குக் கூப்புடுவ. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, கம்பெனிக்காரன் எழுதுனதுக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் மாறா வண்டிய மாத்தாதங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிருச்சு, அந்த வழக்கே நம்ம கேரளாவுலருந்து போனதுதான். அந்த வருசத் திருத்தத்துல, கூடாத மாத்தம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபா, இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டும் சேந்தும் வரலாம். 2021-ல கண்ணூர்ல இ புல் ஜெட்னு யூடியூப் நடத்துற அண்ணந்தம்பி வேனை எம்விடி புடிச்சதும், ஆபீசுக்கே போய்ச் சத்தம் போட்டு உள்ள போனாங்களே, மறந்துட்டியா? யூடியூப்ல அம்புட்டு ஆளு பாத்தும் கம்பிக்குள்ள போறது தப்பல. 2023-ல ரோட்டுல 726 கேமரா வேற வச்சாங்க. ஒன் வண்டி கே.எல். 43, ஆபீசு இங்கதான் இருக்கு, போயி வாயத் தொறந்து கேளு. இன்சூரன்ஸ்காரன் கிட்டயும் எழுதி வாங்கு. பின்கண்ணாடிய மறைக்காத, மேல எரியுற பிரேக் லைட்டை மறைக்காத, நம்பரை மறைக்காத, ஒடம்பை விட்டு ஓரம் வெளிய நீட்டாம இருக்கட்டும். சைக்கிள்ல பள்ளிக்கூடம் போற பிள்ளைக கண்ணு ஒசரத்துக்கு அது வருது.

மொகம் ஏன் தொங்குது? காத்து வேணும்னா காத்து கெடைக்கிற எடத்துக்குப் போகணும். கோயம்புத்தூரு செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கு, கரிவர்தன் பேருல கட்டுனது, 2003-லருந்து ஓடுது. ரெண்டு கிலோமீட்டருக்குச் சொச்சம் சுத்து. அங்க காசு கட்டி, ஹெல்மெட்டு மாட்டி, ஒன் பதினெட்டுக் கிலோவ வாங்கு, ரோட்டுல வாங்காத. ரெக்கை இல்லாம அஞ்சு சுத்து, வச்சு அஞ்சு சுத்து. கடிகாரத்துல பாரு. ஒண்ணும் மாறலைன்னா டிக்கியில ரெண்டு காக்காயக் கட்டிக்கிட்டு வீடு வந்து சேரு.

எனக்கு எப்பிடித் தெரியும்ங்கிறியா? எண்பதுகள்ல ஆந்திராவுக்கு லோடு அடிச்சேன். மெட்ராசு தாண்டிச் சோழவரத்துல பழைய யுத்த காலத்து ஏரோப்ளேன் ரோட்டுல ரேஸ் விடுவாங்க. விஜய் மல்லையா பழைய பார்முலா ஒன் வண்டி கொண்டாந்து ஓட்டுன காலம். கேபின் மேல ஏறி நின்னேன். அதுல ஒரு வண்டி, பின்னாடி ரெக்கையோட, என் காதைக் கிழிச்சுக்கிட்டுப் போச்சு. சரக்கு ஒரு நாள் லேட்டு. முதலாளி கிட்டப் பஞ்சருன்னு சொன்னேன்.

செட்டிபாளையத்துக்கு எப்பக் கெளம்புற? சனிக்கெழமைன்னா எனக்குத் தோது. ஒன் வண்டியில ரெண்டே சீட்டு, அது ரொம்ப வசதி. அப்பத்தாட்ட கோயம்புத்தூரு கண்ணாஸ்பத்திரின்னு சொல்லிக்கலாம், கம்பளி நூலை மட்டும் அவ பாக்காம எடு.