ஏசி3-க்கு ஒரு பல்லாண்டு

என் தங்கச்சி கல்யாணம் 2009-இல் பாலக்கோட்டில் நடந்தது. அது எவ்வளவு அடக்கமான கல்யாணம் என்பது போன மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுகிறார், சத்தமில்லை. தவில்காரர் தோளைக் குலுக்கிக் குலுக்கி அடிக்கிறார், சத்தமில்லை. எங்கள் பெரியப்பா கெட்டிமேளத்துக்கு விரலை ஆட்டுகிறார். நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை அவருக்கு. அவரும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், அவ்வளவுதான். அவரை வாயடைக்கப் பங்காளிகள் முப்பது வருஷம் முயன்று தோற்றார்கள். ஒரு வீடியோ ஃபைல் வந்தது, நொடியில் முடித்துவிட்டது.

இந்தப் புண்ணியம் ஒலியைச் சுருக்கிக் கட்டும் ஏசி3 என்னும் கோடெக்குக்குச் சேரும். அதைப் பாட நாலு வார்த்தை எழுதாவிட்டால் நான் நன்றி கெட்டவன்.

கல்யாணத்தை எடுத்தது அந்தக் காலத்து ஹேண்டிகேம். சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து 2006-இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில் பதிவு செய்வது. அதில் படம் எச்.264, ஒலி டால்பியின் ஏசி3. நாங்கள் அதைப் போட்டுப் பார்த்த அம்மாவின் போனுக்கு எச்.264-ஐப் பிரிக்கத் தெரியும், ஏசி3-ஐப் பிரிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்வதுகூடத் தப்பு. ஏசி3-க்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த காலத்தில் போன் தயாரித்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். அந்தக் காப்புரிமையெல்லாம் 2017-லேயே காலாவதியாகிவிட்டது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. விடுதலை உத்தரவு வந்த பிறகும் சிறை வாசலைத் தாண்டாத உத்தமக் கைதியைப் போல ஏசி3 பல கருவிகளில் இன்னும் மௌனவிரதத்தைக் காத்து வருகிறது. நம் காலத்தில் இத்தனை ஒழுக்கத்தை வேறு எங்கே பார்ப்பது?

அந்த போன் காட்டும் அறிவிப்பின் சொற்சிக்கனத்தையும் சொல்ல வேண்டும். ‘இந்த ஆடியோவுக்கு ஆதரவில்லை.’ மூன்றே சொற்கள். வள்ளுவருக்கே ஏழு சீர் தேவைப்பட்டது. ஏன் ஆதரவில்லை, யார் ஆதரிப்பார்கள், அடுத்து எங்கே போய் நிற்பது என்பதையெல்லாம் வாசகனின் கற்பனைக்கு விட்டுவிடும் நயம் இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு உரையாசிரியர் வேண்டும்.

உரை சொல்ல ஆள் இல்லாமலும் இல்லை. எங்கள் சொந்தத்தில் எல்லாரும் வீடியோ வைத்தியர்கள். “ஃபைல் பேருக்குக் கடைசியில எம்டிஎஸ்னு இருக்குது பாரு, அதை அழிச்சிட்டு எம்பி4-னு போடு, ஓடும்” என்றார் ஒருவர். போட்டேன். பெயர் ராசி பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைத்தால் கடன் தீரும் என்கிற சாஸ்திரத்தில் பிறந்த வைத்தியம் இது. கடனும் தீர்ந்ததில்லை, சத்தமும் வந்ததில்லை. ஆனால் ஃபைலுக்குப் புதுப்பெயர் கிடைத்த சந்தோஷம் இருந்தது.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பதெல்லாம் வெறும் பெட்டிதான். உள்ளே எந்தக் கோடெக்கில் படம், எந்தக் கோடெக்கில் ஒலி என்று பெட்டியின் பெயர் உறுதியாகச் சொல்லாது. மாங்காய்ச் சீசனில் நம் மண்டிக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மேல் அடுக்கில் பளபளவென்று பெங்களூரா, கீழே என்ன இருக்கிறது என்பது வீட்டுக்குப் போய்க் கொட்டினால்தான் தெரியும். ஒரே எம்பி4 என்ற பெயரில் ஒன்று டிவியில் ஓடும், இன்னொன்று ஊமையாகும், மூன்றாவது கறுப்புத் திரையில் பாட்டு மட்டும் பாடும். இந்தச் சுவாரசியத்தை ஏற்பாடு செய்து கொடுத்தவர்களின் பெருந்தன்மையை என்னென்பது?

அடுத்தபடியாக, கன்வெர்ட்டர் மென்பொருள்கள். நான் இறக்கியது இலவசம். அதன் அழகைச் சொல்லி மாளாது. ஊதா நிறத்திலிருந்து தேய்ந்து நீலமாகும் பின்னணி, நடுவில் தங்கக் காசு போல ஒரே ஒரு பொத்தான், அமுக்கினால் சுற்றும் வளையம். முகூர்த்த ஃபைலைக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் யோசித்தது. ஒலியை மட்டும் மாற்றினால் போதுமே, படம் நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அப்படி அரைகுறையாக வேலை செய்யும் ஆள் அதுவல்ல. படத்தையும் அக்கக்காகப் பிரித்து மறுபடி கட்டியது. அந்த உழைப்பில் தங்கச்சியின் பட்டுப்புடவைச் சரிகை முழுவதும் மஞ்சள் மாவாகக் கரைந்தது. பத்து வயது குறைந்தாற்போல எல்லார் முகமும் வழவழவென்று ஆனது. மூலையில் தன் பெயரையும் ஆசீர்வாதம் போல அச்சடித்துக் கொடுத்தது. மணமேடையில் மாப்பிள்ளை, பொண்ணு, பக்கத்தில் கம்பெனி.

ஒலியும் வந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்த ஹேண்டிகேம் ஐந்து புறமும் காது வைத்த 5.1 ரகம். எதிரே கேட்பது நடுச் சேனலில், இடமும் வலமும் கேட்பது பக்கச் சேனல்களில், கேமராவுக்குப் பின்னால் கேட்பது பின் சேனல்களில் விழும். கன்வெர்ட்டர் முதலிரண்டு சேனல்களை, அதாவது இடதையும் வலதையும் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டது. அதனால் ஐயர் சொன்ன மந்திரம் கிணற்றுக்குள் போயிற்று. இடது பக்கம் சமையற்கட்டில் அண்டா உருளும் சத்தமும், வலது பக்கம் மாத்திரை போட மறந்த ஒரு பாட்டியின் புலம்பலும் தேவகானமாகக் கேட்டன. கல்யாணத்தில் எது முக்கியம் என்று அந்த மென்பொருளுக்கு நம்மைவிடத் தெரிந்திருக்கலாம்.

தாலி கட்டும் இடத்தில் ஒரு விக்கலும் உண்டு. கேமரா 2 ஜிபிக்கு ஒரு தரம் புது ஃபைலுக்குத் தாவும். அது சரியாகக் கெட்டிமேளத்தில் தாவியிருக்கிறது. துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு மாற்றியிருக்க வேண்டும். ஏசி3 ஒலியை 1536 மாதிரிகள் கொண்ட பொட்டலங்களாகக் கட்டுகிறது, கன்வெர்ட்டர் மாற்றிக் கொடுத்த ஏஏசி 1024 ஆகக் கட்டுகிறது. தனித்தனியாக மாற்றினால் ஒவ்வொரு துண்டின் கடைசிப் பொட்டலமும் நிறையாமல், மிச்ச இடத்தில் மௌனத்தை அள்ளிப் போட்டுக் கட்டுவார்கள். மூன்று முடிச்சுக்கு நடுவே நாலாவதாக ஒரு மௌன முடிச்சு. என் தங்கச்சி குடும்பம் பதினாறு வருஷமாக உறுதியாக இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

கல்யாணத்தோடு நிறுத்த மனசு வரவில்லை. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பதினெட்டாம் போர்க் கூத்தை அக்கா மகன் போனில் எடுத்திருந்தான். இராத்திரி வெளிச்சம் போதாது என்று போன் தானாகவே நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கைக் குறைத்துக்கொள்ளும், வெளிச்சம் வந்தால் கூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் எந்த நொடி என்று ஃபைலுக்குள் குறித்து வைத்திருக்கும். நம் கன்வெர்ட்டர் அந்தச் சில்லறைக் குறிப்புகளையெல்லாம் பார்ப்பதில்லை. நொடிக்கு 30 என்று பெருமனதோடு எடுத்துக்கொள்ளும். உண்மைச் சராசரி 29 என்றால், ஒரு மணி நேரக் கூத்தின் படம் 58 நிமிஷத்தில் முடிந்துவிடும், ஒலி மட்டும் இன்னும் 2 நிமிஷம் பின்னால் நடந்து வரும். இராத்திரி பத்துக்குத் தொடங்கி விடிகாலை ஐந்து வரைக்கும் கணக்குப் போட்டால் 14 நிமிஷம்.

அந்த 14 நிமிஷத்தில் விளைந்த கலையை நான் எப்படிச் சொல்ல? கட்டியங்காரன் குரல் வருவதற்கு முன்பே ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. அவன் சொன்ன நையாண்டி, ஜனம் கொட்டாவி விட்டுக் காலை நீட்டிப் படுத்த பிறகு காதில் விழுகிறது. பீமன் கதையால் தொடையில் அடித்து, துரியோதனன் சாய்ந்து, பாஞ்சாலி கூந்தலை முடிந்து எல்லாம் ஆயிற்று. அப்புறம் விழுந்து கிடக்கிறவனிடமிருந்து புறப்படுகிறது பாருங்கள் வீர வசனம், “யாரடா என் முன்னால் நிற்கிறவன்” என்கிற தோரணையில், கால் மணி நேரத்துக்கு. வியாசருக்கே தோன்றாத திருப்பம். தாளத்தின் கணீர் ஓசையைக் குறைந்த பிட்ரேட்டில் நசுக்கியதில் அது தண்ணீர்ச் சலசலப்பாக மாறியிருந்தது. குருச்சேத்திரத்தை ஒகேனக்கல்லுக்குக் கொண்டுவந்த பெருமை எம்பி3-ஐச் சேரும்.

எங்கள் ஆயா பாடிய தாலாட்டு ஒன்று மினிடிவி கேசட்டில் இருந்தது. அந்தக் கேமராக்களில் நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் ஒலிமுறை உண்டு, 32,000 எடுக்கும் முறையும் உண்டு. எங்களுடையது இரண்டாவது. கன்வெர்ட்டர் முதலாவது என்று எண்ணிவிட்டது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஆயா கிளிப்பிள்ளையாகக் கீச்சிட்டுப் பாடியதில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படித் தூங்கினார்கள் என்பதே அதிசயமாகிவிட்டது.

எச்.265-ஐயும் ஒரு வரியில் வணங்கிவிடுகிறேன். 2013-இல் வந்தது, எச்.264-ஐப் போலப் பாதி இடம் போதும். ஆனால் காப்புரிமைக்குக் கட்டணம் வாங்க ஒரு கூட்டம் போதாதென்று தனித்தனியாகப் பல கூட்டங்கள் கிளம்பின. ஒரே மொய்க்கு மூன்று நோட்டுப் புத்தகம் போட்டு உட்கார்ந்தாற்போல. விண்டோஸில் அதைப் பார்க்க ஒரு நீட்சியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளைப் பார்க்க டிக்கெட் வாங்குவதில் ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்கிறது.

கடைசியில் தருமபுரிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு சின்ன ஸ்டுடியோ. உள்ளே பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு முக்காலி, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு தம்பி. என் ஊதா நிறக் கன்வெர்ட்டரை லேப்டாப்பில் பெருமையோடு திறந்து காட்டினேன். தம்பி சிரிக்கவில்லை. “நல்லாத்தாண்ணா இருக்குது. முதல்ல உள்ள என்ன இருக்குதுன்னு பாத்துரலாம்” என்று மீடியாஇன்ஃபோவில் ஃபைலைப் போட்டான். பிறகு ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்தான். பொத்தான் இல்லை, படம் இல்லை, வெள்ளை எழுத்தில் ஏதோ தட்டினான். எஃப்எஃப்எம்பெக் என்றான்.

எனக்கு அந்த நேரத்தில் ஔவையார் ஞாபகம் வந்தால் அது என் தப்பில்லை, ஊரின் தப்பு. அன்று தகடூர் எனப்பட்ட இந்த ஊரை ஆண்ட அதியமானுக்காக அவர் தொண்டைமானிடம் தூது போனார். அங்கே ஆயுதசாலையைக் காட்டினார்கள். உன் படைக்கலமெல்லாம் அலங்காரத்தோடு பத்திரமாக மின்னுகின்றன, எங்கள் ஆளுடையவையோ முனை முறிந்து கொல்லுப்பட்டறையில் கிடக்கின்றன என்று பாராட்டிவிட்டு வந்தார். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. மின்னுவது போருக்கே போகாதது என்று தொண்டைமானுக்குப் புரிந்ததா என்று பாட்டில் இல்லை.

எஃப்எஃப்எம்பெக் அப்படி ஒரு பட்டறைச் சாமான். ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-இல் தொடங்கியது. அன்று முதல் தினமும் யாராவது உடைந்ததைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், ஒருநாளும் வேலை முடிந்ததில்லை. பாரிஸ் மாணவர்கள் 1996-இல் ஆரம்பித்த விஎல்சி கண்டதையும் ஓட்டுகிறதே, அதன் வயிற்றிலும் இதன் கோடெக்குகள்தான். இதைவிட ஒன்று உண்டு. பளபளக்கும் கன்வெர்ட்டர்கள் பலவற்றின் ஊதாத் தோலை உரித்தால் உள்ளே வேலை செய்வது இதே இரும்பு. வாங்கிய இடத்தைச் சொல்லாமல் விற்றவர்களுக்கென்று எஃப்எஃப்எம்பெக்காரர்கள் ஒரு காலத்தில் அவமானப் பட்டியலே வைத்திருந்தார்கள். பட்டறையில் திருடிய கத்திக்கு மயிற்பீலி கட்டி அரண்மனையில் மாட்டும் அந்தக் கைத்திறனுக்கு நம் மாலையும் ஒன்று சேரட்டும்.

தம்பி தட்டியதன் பொருள் இவ்வளவுதான்: துண்டுகளை வரிசையாக ஒட்டு, படத்தைத் தொடாமல் அப்படியே நகலெடு, ஒலியை மட்டும் ஏஏசி ஆக்கு, எல்லாச் சேனலையும் கலந்து இரண்டாக்கு. டீ ஆறுவதற்குள் முடிந்தது. சரிகை சரிகையாகவே இருந்தது. கூத்து ஃபைலைக் காட்டினேன். “நேரக் குறிப்பைப் பார்த்து அடுக்கச் சொல்லணும்ணா, நொடிக்கு இத்தனைன்னு நிலையா வெச்சுக்கிட்டா சிங்க் போகாது” என்றான். கேசட்டுக்கு 32,000 என்று எடுத்துச் சொன்னான், ஆயா ஆயாவானாள். நூறு ரூபாய்தான் வாங்கினான். இப்படியும் பிழைக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு டிவியில் போட்டேன். அம்மா, தங்கச்சி, மாப்பிள்ளை, பெரியப்பா. நாதஸ்வரம் வந்தது. மந்திரம் வந்தது. பெரியப்பா “கெட்டிமேளம்” என்று கத்தியது வந்ததும் நிஜப் பெரியப்பாவும் கத்தினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் பின் சேனல்களில் விழுந்தது வந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒருவன் யாரிடமோ தெள்ளத் தெளிவாகச் சொல்கிறான்: “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூணாவது பந்தியிலயும் உட்காந்துட்டாங்கடா. பொண்ணு எடுக்க வந்தாங்களா, பஞ்சம் பொழைக்க வந்தாங்களா?” குரல் என்னுடையது.

மாப்பிள்ளை டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் பழையபடி ஏசி3 ஆக்கித் தர முடியுமா என்று ஸ்டுடியோத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன்.