காவோசான் டார்மிட்டரியில் கேரிபேக் ஒலி: ஒரு முன்னோட்ட ஆய்வு

பாங்காக்கின் காவோசான் சாலையைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் தெருவில் நின்றே எழுதிவிட்டுப் போனார்கள். மாடியேறி, எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் டார்மிட்டரிக்குள் தலையை நீட்டிய அறிஞர் இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப இக்கட்டுரை முயல்கிறது.

களப்பின்னணி சுருக்கமானது. மன்னர் ஐந்தாம் ராமர் ஆட்சியில், 1892இல் போட்ட சாலை. அரைக் கிலோமீட்டர்கூட நீளாது. அரிசி வியாபாரம் நடந்த இடம். 1982இல் நகரின் இருநூறாம் ஆண்டு விழாவுக்கு வந்த வெளிநாட்டார் அரண்மனைக்குப் பக்கத்தில் மலிவாகப் படுக்க இடம் தேட, அக்கம்பக்கத்தார் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டார்கள். 1996இல் வெளிவந்த அலெக்ஸ் கார்லண்டின் ‘தி பீச்’ நாவல் இங்குள்ள மலிவு விடுதி ஒன்றில்தான் தொடங்குகிறது.

டார்மிட்டரி ஒலிகள் நான்கு. குறட்டை பற்றிப் போதுமான அளவு புலம்பியாகிவிட்டது. அலாரம், வைத்தவரைத் தவிர எல்லோரையும் எழுப்பும். ஜிப் ஒலி ஆய்வுக்குத் தகுதியற்றது.

நான்காவது, கேரிபேக்.

கம்போடிய எல்லைக்கு மூன்றாம் வகுப்பு ரயில் அதிகாலையில் கிளம்புகிறது. அதைப் பிடிக்க வேண்டியவர் இரவு முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, நாலரை மணிக்கு இருட்டில் மூட்டை கட்டுவார். சோப்பு ஒரு கவரில், ஈர ஜட்டி ஒரு கவரில், இரண்டும் இன்னொரு கவரில். பிறகு சந்தேகம் வந்து மூன்றையும் பிரிப்பார். மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறையும் என்பது அவர் நம்பிக்கை. சத்தம் குறைவதில்லை, நீளத்தான் செய்கிறது (காண்க: ஆறாம் எண் கட்டில், மேல்தட்டு, தலைமாட்டுச் சுவர்க் கிறுக்கல், வரி 2). இதை மறுப்போரும் உண்டு (காண்க: கழிப்பறைக் கதவு, உட்புறம், தாழ்ப்பாளுக்கு மேலே, பாடபேதம் வாளிக்குப் பின்னால்). கீழ்க்கட்டில் மரபினர் இருவரையும் ஏற்பதில்லை (வாய்மொழிச் சான்று, தகவலாளி போர்வைக்குள் இருந்தபடி பேசியதால் வயது, பால், நாடு பதிவாகவில்லை, வசவுச் சொற்கள் நீக்கப்பட்ட செம்பதிப்பு).

2020 ஜனவரி 1 முதல் தாய்லாந்தின் பெரிய கடைகள் பிளாஸ்டிக் பை தருவதை நிறுத்திவிட்டன. எனவே இவ்வொலியின் வரலாற்றை முற்காலம், பிற்காலம் எனப் பிரிக்கலாம். பிற்காலத்தில் கவரை ஊரிலிருந்தே கொண்டுவருகிறார்கள்.

இனி இவ்வொலியின் மூலம். காவோசானிலிருந்து நடக்கும் தொலைவில் பெரிய ஊஞ்சல் நிற்கிறது. அங்கு நடந்த ஊஞ்சல் விழா 1930களில் நின்றுபோனது. அதனோடு சேர்ந்த அரசவைச் சடங்கில் பிராமணர்கள் ஓதுவதில் திருவெம்பாவையும் உண்டு. இதுவரை உண்மை. இதற்கு மேல் போவதற்குத்தான் முனைவர் பட்டம் வேண்டும். திருவெம்பாவை, விடியலில் உறங்குவோரை எழுப்பும் பாட்டு. கேரிபேக்கும் விடியலில் உறங்குவோரை எழுப்புகிறது. ஆகவே டார்மிட்டரிச் சலசலப்பு தமிழரின் துயிலெழுப்பு மரபின் எச்சம் என்று தயங்காமல் நிறுவலாம். இதைவிட மெல்லிய நூலில் தொங்கிய கட்டுரைகளுக்கு நம் கருத்தரங்குகளில் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். போர்த்திக்கொண்டவர்கள் பாங்காக் மாநாட்டுக்குப் போனால் தனியறையில் தங்குவதால் இந்தச் சான்று அவர்கள் காதில் விழவில்லை.

காலை ரயிலுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து முந்தின ராத்திரியே மூட்டை கட்டிவிடுங்கள், துணிப்பையில்.